மழை மணி

சித்தெ நகந்து உக்காருங்க, புள்ளை சன்னலோரம் தலையச் சாச்சுத் தூங்கட்டும். என்ற பேத்திங்க, பேரு வர்ணிகா, நாலாவது படிக்குது. ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டு வந்தேன். ஏறின ஒடனே அந்த மணிக் கயித்தைப் புடிச்சு இழுத்துக் கண்டக்டர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டு, இப்பத்தான் கண்ணசந்துது. இந்த ஒரு பஸ்லதானுங்க இன்னமும் கயிறு கட்டின மணி இருக்குது, மத்த வண்டியெல்லாம் விசிலு. நீங்க எதுவரைக்கும்? காங்கயமா? நல்லதாப் போச்சு, நாங்களும் அங்கதான். பேசிட்டே போலாம்.

என்னைத் தெரியாதுங்களா? ஆவாரவலசுல வந்து கொப்பரைக் காளியண்ணன்னு கேட்டா நாய்கூட வழி காட்டுமுங்க. எலெக்சன்னா எனக்குப் புதுசில்ல. கூட்டுறவு சங்கத்துல நின்னிருக்கறேன், பஞ்சாயத்துல நின்னிருக்கறேன். தோத்ததே கெடையாது. போன ஆவணில ஒரு எலெக்சன் நடந்துது, அதுலயும் நாந்தான் ஜெயிச்சேன். அதுலதானுங்க என்னைக் கவுத்துப்புட்டாங்க. ஜெயிச்சுத் தோத்தவனை நீங்க எங்கியாச்சும் பாத்திருக்கறீங்களா? இதா, பக்கத்துல உக்காந்திருக்கறேன், நல்லாப் பாத்துக்குங்க.

எம்மெல்லே எலெக்சனெல்லாம் இல்லீங்க. எங்கூர்ப் பள்ளிக்கூடத்துக் கமிட்டி எலெக்சன். சிரிக்காதீங்க, விசயம் இருக்குது.

எங்கூர் நடுநிலைப் பள்ளிக்கூடம் எங்கப்பன் குடுத்த எடத்துல கட்டினது. ரெண்டு ஏக்கரா. கட்டடம் ஒரு மூலைல, மிச்சமெல்லாம் வெட்டவெளி. மரம் மட்டை எதுவும் மறைக்காத வெயிலு, மேக்கால இருந்து காத்து. கொப்பரை காயப்போட அதுக்கு மேல ஒரு களம் இந்தத் தாலூகாலயே கெடையாதுங்க. தேங்காயை ரெண்டா ஒடைச்சு மலத்திப் போட்டா ஒரு வாரத்துல பருப்பு தானாக் கழண்டு வந்துரும். எங்கூட்டுக் களம் சின்னது. அதனால பள்ளிக்கூடத்து எடத்துலயும் போடறது எங்கப்பன் காலத்து வழக்கம். யாரு கேக்கறது? பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் நாந்தான், எடம் குடுத்தவன் மகனும் நாந்தான்.

இதுல புள்ளைகளுக்கு எத்தனை நல்லது பாருங்க. காக்கா வந்து கொத்தும், ஆடு வந்து வாய் வெக்கும். அதுக்கு ஒரு வகுப்பு மாத்தி ஒரு வகுப்பு, நாலு நாலு புள்ளைக கம்பு எடுத்துட்டுக் காவல் நிக்கும். வெயில்ல நின்னாத்தானுங்களே ஒடம்பு ஒரம் புடிக்கும்? அப்பறம் மழை மணி. அது நானே கொண்டாந்த ஏற்பாடு. வானம் கறுத்துட்டா பெரிய டீச்சரம்மா தண்டவாள மணியை விடாம அடிக்கோணும். ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் அத்தனை புள்ளைகளும் புஸ்தகத்தைப் போட்டுட்டு ஓடியாந்து, கொப்பரையைக் கூட்டிக் குமிச்சு, தார்ப்பாயை இழுத்து மூடிரும். மொதச் சொட்டு விழறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். என்ன ஒழுங்கு, என்ன ஒத்துமை. கணக்குப் பாடத்துல இருந்து தப்பிச்சா எந்தப் புள்ளைக்குத்தான் கசக்கும்? போறப்ப ஆளுக்கொரு துண்டு தேங்காயும் குடுத்தனுப்புவேன். நான் கஞ்சன் இல்லீங்க.

பேத்தி அப்ப அங்க படிக்கலீங்க. அது காங்கயத்துல இங்கிலீசுப் பள்ளிக்கூடம், வாசலுக்கே வேன் வரும். எங்கூர்ப் பள்ளிக்கூடத்து மேல மரியாதை இல்லாம இல்ல. இருந்தாலும் நம்ம புள்ளை நல்லாப் படிக்கோணுமில்லீங்களா?

இப்பிடி ஒழுங்காப் போயிட்டிருந்த வண்டிலதான் சர்க்காருல கட்டையப் போட்டாங்க. இனிமே பள்ளிக்கூட மேலாண்மைக் குழுதான் எல்லாம் முடிவு பண்ணும், அதுக்குத் தலைவரு அங்க படிக்கற ஒரு புள்ளையோட அம்மாவாத்தான் இருக்கோணும், பெத்தவிய மட்டுந்தான் ஓட்டுப் போடோணும்னு பெரிய டீச்சரம்மா வந்து சொல்லுச்சு. அப்ப நானுன்னு கேட்டேன். நீங்க சிறப்பு விருந்தினருங்கய்யான்னு சொல்லுச்சு.

அதுகூடப் பரவால்லைங்க. பூங்கொடி நிக்கறாள்னு ஒரு சேதி வந்துது பாருங்க, அதுதான் தூக்கத்தைக் கெடுத்துது. பூங்கொடி காலனிக்காரி, எங்கிட்டயே தேங்கா ஒடைக்கற வேலைக்கு வர்றவ. அவளுக்கு ரெண்டு பையனுக அந்தப் பள்ளிக்கூடத்துல. நான் ஜெயிச்சா அந்த எடம் புள்ளைக வெளையாடத்தான், கொப்பரைக்கு இல்லைன்னு வேலை செய்யற எடத்துலயே, என்ற களத்துலயே உக்காந்து பேசியிருக்கறா. நான் வித்தியாசம் பாக்கற ஆளில்லீங்க. யாரு வேண்ணாலும் தலைவராகட்டும். ஆனா களம் போனா என்ற யாவாரத்துல பாதி போச்சு. அதைச் சொல்லோணுமில்லீங்களா?

உக்காந்து ரோசனை பண்ணினேன். நம்மூட்டுலயே ஒரு பொம்பளையை நிறுத்திட்டா? மருமவ சுகந்தி இருக்குது. வந்து பத்து வருசமாகுது, அது சத்தம் நான் கேட்டதில்ல. சாப்பிடறீங்களா மாமா, காப்பி வெக்கட்டுங்களா மாமா, அவ்வளவுதான் பேச்சு. பி.எட். படிச்சிருக்குதுன்னு கல்யாணப் பத்திரிகைல போட்டிருந்தோம், அதுக்கப்பறம் அது யாருக்கு ஞாபகம்? கையெழுத்துப் போடற எடத்துல கையெழுத்துப் போடும், போடாதேன்னா போடாது. தலைவரு அது, தலை நானு. கச்சிதமான ரோசனை.

ஒரே இடைஞ்சல், அது அங்க படிக்கற புள்ளைக்கு அம்மா இல்ல. அதுக்கென்ன, புள்ளையை அங்க போட்டுட்டாப் போச்சு. எங்கூட்டு அம்மா, என்ற சம்சாரமுங்க, சண்டைக்கு வந்துது. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான், ஞாயித்துக்கெழம வந்தவன்கிட்டச் சொன்னேன், அவன் போனை நோண்டிட்டே உங்க இஷ்டம்னான். சுகந்தி மட்டும் ஒண்ணு கேட்டுது.

"நெலையாவா மாமா, இல்ல எலெக்சன் முடியற வரைக்குமா?"

எலெக்சன் முடிஞ்சு எல்லாம் ஒரு நெலைக்கு வர்ற வரைக்குந்தான் அம்மிணின்னேன். சரிங்க மாமான்னுச்சு. அதோட போயிருச்சு. இந்த மாதிரி மருமவ யாருக்குக் கெடைக்கும்னு அன்னைக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

புள்ளையைக் கொண்டுபோய்ச் சேத்தாச்சு. மொத வாரமே அது மொகமெல்லாம் கன்னிச் செவந்து வந்துது. என்ன கண்ணுன்னா, இன்னைக்கு எங்க வகுப்பு மொறை அப்பாரு, உங்க காக்காயெல்லாம் நாந்தான் ஓட்டினேன்னு கையை ஆட்டி ஆட்டிக் காட்டுச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். என்ன பாடம் நடந்துச்சுன்னு சுகந்தி கேட்டுது. பாடம் நடந்துச்சாம்மா, நான் வெளிய இருந்தேன்னு புள்ளை சொல்லுச்சு. மருமவளுக்குச் சிரிப்பே வரலீங்க. புள்ளை கையை எடுத்து மோந்து பாத்துட்டு உள்ள போயிருச்சு. கொப்பரை வாசம் சிலருக்கு ஆவாது.

அப்பறம் ஓட்டுக் கேக்கப் போனோம். நான் செலவுக்கு அஞ்சற ஆளில்ல. பெத்தவிய ஒவ்வொருத்தருக்கும் எவர்சில்வர் தூக்குப்போசி, மூடியோட. எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க, ஒருத்தர்கூட வேண்டாங்கல. காலனிக்குப் போனப்ப நான் தெருவுலயே வேப்பமரத்தடில நின்னுக்கிட்டேன், முட்டி வலி, படியேற முடியாது. சுகந்தி போசியை எடுத்துட்டு உள்ள போச்சு. போனா லேசுல வரமாட்டேங்குது. ஒவ்வொரு ஊட்டுலயும் உக்காந்து தண்ணி வாங்கிக் குடிக்குது, காப்பி குடிக்குது. பூங்கொடி ஊட்டுல போனது எத்தனை நேரம்னு சொன்னா நம்பமாட்டீங்க, நெழலே ஒரு பக்கத்துல இருந்து மறு பக்கம் போயிருச்சு. என்ன அம்மிணி இத்தனை பேச்சுன்னு கேட்டேன். சும்மாதாங்க மாமா, புள்ளைகளைப் பத்தின்னுச்சு. ஓட்டுக்காக எப்பிடிப் பாடுபடுது பாருன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

எலெக்சன் அன்னைக்கு நான் சலவை வேட்டி, தோள்ல துண்டு, சபைக்குப் போறாப்பல போனேன். வாசல்லயே பெரிய டீச்சரம்மா கும்புட்டுட்டு, பெத்தவிய மட்டுந்தானுங்கய்யா உள்ளன்னுச்சு. அந்த அறைல கெடக்கற பெஞ்சு நான் வாங்கிப் போட்டதுங்க. சரி, சட்டத்துக்குக் கட்டுப்படறவன் நானுன்னு வெளியவே ஒரு சேர் போட்டு உக்காந்துக்கிட்டேன். சித்தெ நேரத்துல உள்ள ஒரே கைத்தட்டு. எட்டிப் பாத்தவன் ஓடியாந்து சொல்றான், பூங்கொடி எந்திரிச்சு நான் நிக்கலை, சுகந்தியக்காதான் தலைவரா வரோணும்னு சொல்லிட்டாளாம். எதுத்து ஒரு கை தூக்கலையாம். தூக்குப்போசி என்ன வேலை செய்யுது பாத்தீங்களா? பூங்கொடியைத் துணைத் தலைவராப் போட்டாங்க. போகட்டும், பாவம், ஆசைப்பட்டாள்ல. ஊர் எல்லை வரைக்கும் பட்டாசு வெடிச்சேன்.

மொதக் கூட்டம் முடிஞ்சு வந்த அன்னைக்கு, எனக்குச் சோறு போட்டுட்டே சுகந்தி சொல்லுச்சுங்க. ரசம் ஊத்தட்டுங்களான்னு கேக்கற அதே கொரலு.

"மாமா, பள்ளிக்கூடத்துல கெடக்கற கொப்பரையை இந்த வாரத்துக்குள்ள எடுத்துக்குங்க. கமிட்டில முடிவாயிருச்சு."

எந்தக் கமிட்டின்னேன். எங்க கமிட்டின்னுச்சு. அது எங்கப்பன் குடுத்த எடம் அம்மிணின்னேன்.

"ஆமாங்க மாமா. குடுத்த எடம்."

அவ்வளவுதான் சொல்லுச்சு. அதைச் சொல்லிட்டு ரசத்தை ஊத்துச்சு. எங்கூட்டு அம்மா கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்துது, அதுவும் ஒரு வார்த்தை எனக்காகப் பேசல. நீங்களே சொல்லுங்க, நான் நிறுத்தி, நான் போசி குடுத்து, நான் பட்டாசு வெடிச்சு, கடைசில கொப்பரை யாருது? என்ற கொப்பரை. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

நான் எடுக்கலைங்க. என்ன பண்ணீருவீங்கன்னு விட்டுட்டேன். அப்பறம் புரட்டாசில ஒரு நாள் மத்தியானம், வடக்கால திடீர்னு இருட்டிட்டு வருது. நான் ஊட்டுல இருந்து பாத்துட்டு, மணி அடிக்கட்டும்னு காதைத் தீட்டி வெச்சுட்டு நிக்கறேன். அடிக்கல. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓடினேன். புள்ளைகயெல்லாம் உள்ள உக்காந்து சத்தமாப் பாடம் படிக்குதுங்க. மணியை அடியுங்கன்னு கத்தினேன். வகுப்பு நேரத்துல மழைக்கு மணி இல்லைன்னு கமிட்டில எழுதியாச்சுங்கய்யான்னு பெரிய டீச்சரம்மா சொல்லுச்சு. ரெண்டாம் மணிக்கு அடிப்பாங்க, சாப்பாட்டுக்கு அடிப்பாங்க, அதையும் இப்பப் புள்ளைகதான் மொறை போட்டு அடிக்குதாம். வர்ற திங்கக்கெழம இந்தப் பேத்தி மொறை. ஒரு வாரமா ஊட்டுல சொல்லிச் சொல்லி என்ற உசுரை எடுத்துட்டா.

ஒத்தையா நின்னு தார்ப்பாயை இழுக்கறேன், காத்து அது பாட்டுக்குப் பிச்சுட்டுப் போகுது. அப்ப யாரோ அந்தப் பக்கத்து முனையைப் புடிச்சாங்க. பாத்தா சுகந்தி. சேலையை இழுத்துச் சொருகிட்டு, தொப்பலா நனைஞ்சுட்டு நிக்குது. புள்ளைகளைக் கூப்புடு அம்மிணின்னு கெஞ்சினேங்க, நானு, அதுகிட்ட.

"புள்ளைக வராது மாமா. நான் வந்திருக்கறேன், இழுங்க."

ரெண்டு பேரும் இழுத்து என்ன ஆகும்? பாதி நனைஞ்சு கறுத்துப் போச்சு, சோப்புக்காரனுக்குப் போற வெலைக்குப் போச்சு. செஞ்ச தப்பு மனசு உறுத்தித்தான் அது ஓடியாந்திருக்குது. இல்லாட்டி எதுக்கு வருது? அன்னைக்கு நைட்டு அதுக்குக் காய்ச்சல் வேற. அப்பக்கூட வாயைத் தொறந்து அந்தத் தீர்மானத்தை மாத்தறேன்னு சொல்லலைங்க, அத்தனை அழுத்தம்.

இப்ப அந்த எடத்துல கோடு கிழிச்சுக் கோ-கோ வெளையாடறாங்க. பூங்கொடி பையன் ஜில்லா டீமுக்குப் போயிருக்கறானாம். இவளும் ஓடறா, முட்டியெல்லாம் செராய்ப்பு. தமிழ்ல என்னமோ கதையெல்லாம் எழுதறா. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல இருந்தப்பக் காத்தால வேன் வந்தா அழுதுட்டு ஏறும், இப்ப நான் காப்பி குடிக்கறதுக்குள்ள ஓடிப் போயிருது. கெட்டுப் போச்சுங்க புள்ளை, நான் பாத்துட்டுச் சும்மா இருக்கறதா?

அதுக்குத்தான் இன்னைக்கு இந்தப் பயணம். தூங்கறா, கேக்காது, சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச வக்கீலு ஒருத்தரு வழி சொன்னாரு. அங்க படிக்கற புள்ளையோட அம்மாதானே தலைவரா இருக்க முடியும்? புள்ளையே அங்க இல்லைன்னா? தலைவரு பதவி தானா விழுந்துருமில்லீங்களா? ஏத்தி வெச்ச ஏணியை எடுத்துட்டாப் போச்சு. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துல வருசத்துப் பீசைக் கட்டினா இப்பவும் சேத்துக்கறாங்க. சனிக்கெழம மத்தியானம் வரைக்கும் ஆபீசு இருக்குது. ஊட்டுல யாருக்கும் சொல்லல. சொல்லவும் ஆளில்ல, இன்னைக்குக் கமிட்டிக் கூட்டம், எங்கூட்டு அம்மாவும் கெளம்பிப் போயிருச்சு, அதுக்கு அங்க என்ன வேலையோ. களத்து ஆளுக அத்தனை பேருக்கும் அங்க புள்ளைக படிக்குது, அவியளும் லீவு. கொப்பரை மட்டும் எங்கூட்டுக் களத்துல காஞ்சுட்டுக் கெடக்குது. காத்தால வெயிலு சுள்ளுனு அடிச்சுது, பயமில்ல.

இவளுக்குச் சொன்னா அழுவா. அங்க போயி ஐஸ்கிரீமைக் கையில குடுத்துட்டுச் சொல்லிக்கலாம். கொழந்தைதானே, மறந்துரும்.

அட, யாருங்க மணி அடிக்கறது? டிரைவரு இப்பிடிப் பிரேக் போட்டா முட்டி என்னத்துக்காவும்? ஏ கண்ணு. ஏ வர்ணி. சீட்டு மேல ஏறி நின்னுட்டு என்ன பண்றே, கயித்தை விடு. விடாம அடிக்கறாளே. சாமி, கண்டக்டரே, சின்னப் புள்ளை, கோவிச்சுக்காதீங்க.

என்ன கண்ணு சொல்றே?

"மழை வருது அப்பாரு. கொப்பரை காயுது, ஊட்டுல யாருமில்ல."

மழையா? எங்க? அங்கயா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஏனுங்க, உங்க கண்ணுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா? அந்த மலைக்கு மேல வெள்ளையா ஒரு துண்டு நிக்குது, அதைச் சொல்றாளோ? வெள்ளை மேகமுந்தான் கறுக்கும். அன்னைக்கும் இப்பிடித்தான், பாத்துட்டிருக்கறப்பவே இருட்டிருச்சு. மிச்சமிருக்கற கொப்பரையும் நனைஞ்சா நான் தலைல துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்.

கண்டக்டரே, நாங்க எறங்கிக்கறோம். டிக்கெட்டு கெடக்கட்டும். ஆபீசு எங்க போகுது, அடுத்த சனிக்கெழம வந்துக்கலாம். நனைஞ்ச கொப்பரையை யாரு எடுப்பாங்க?

பாத்தீங்களா, இதுதானுங்க ரத்தம்ங்கறது. ஊட்டுல ஒவ்வொருத்தரும் எனக்கு எதிரா நிக்கறாங்க. இந்தப் புள்ளை தூக்கத்துலகூட அப்பாரு கொப்பரை நனையக் கூடாதுன்னு நெனைக்குது பாருங்க. மருமவ வளப்பு வேற, என்ற வளப்பு வேற. எறங்கு கண்ணு, பாத்து எறங்கு. ஐஸ்கிரீம் வேண்டாமா? வேண்டாமாம், பாருங்க, ஐஸ்கிரீம்கூட வேண்டாமாம்.

வர்றனுங்க. நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க? அட, இவ எங்க போனா? அதுக்குள்ள ரோட்டைத் தாண்டிட்டாளா? மெதுவாப் போ கண்ணு, அப்பாருக்கு முட்டி வலிக்குது. அதா பாருங்க, ஊருக்குப் போற பஸ்ஸை அவளே கை காட்டி நிறுத்திட்டா.